எண்பத்தேழாம் கேள்வியில் ஓடின ஆறு

எங்க ஊரு கொம்பன்கரையில மஞ்சணத்தியாறு ஒரு நாள் காலையில பதினொரு மணிக்குக் கடலுக்குப் போறதை நிறுத்திட்டு, மலையைப் பாத்துத் திரும்பிப் போச்சு. அதைப் பாத்து ஊர்ல ஒருத்தரும் வாயைப் பொளக்கல, ஏன்னா அன்னைக்குப் பத்து அம்பத்தொம்பதுக்குத்தான் அரசாங்க வேலைக்கான பரீட்சை ஆபீஸ்காரங்க விடைக்குறிப்பை வெளியிட்டிருந்தாங்க, அதுல எண்பத்தேழாம் கேள்வி, மஞ்சணத்தியாறு எந்தத் திசை நோக்கிப் பாய்கிறது, விடை மேற்குன்னு போட்டிருந்தது. ஆத்துக்கு அது எப்படியோ தெரிஞ்சு போச்சு. அரசாங்கம் சொன்னா மனுசனே திரும்பி நிக்கான், ஆறு நிக்காதா?

நான் பிலோமினா. பாலத்து முக்குல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பதினாலு வருசமா. என் கடைக்கு மேல மாடியிலதான் திசைகாட்டி அகாடமி, அதை நடத்துறது ஞானதுரை சார். அவரு ஏழு தடவை பரீட்சை எழுதி ஏழு தடவையும் தோத்தவரு, தோத்தவனுக்குத்தான் பரீட்சையோட சூட்சுமம் தெரியும்னு போர்டுலயே எழுதி வச்சிருக்காரு, அதையும் நம்பி ஜனம் வருது. இந்த ஊரைச் சுத்தி இருபத்தாறு கிராமத்துல பிளஸ் டூ முடிச்சதுல இருந்து தலைமுடி நரைக்கிறது வரைக்கும் அத்தனை பேரும் படிக்கிறது இந்தியப் புவியியலும் உலகப் புவியியலும்தான். எருமை மேய்க்கிறவன் கிட்ட புர்க்கினா ஃபாசோ தலைநகரம் எதுன்னு கேளுங்க, வாகடூகுன்னு மேய்ச்சுக்கிட்டே சொல்லுவான். மினிக்காய் தீவையும் லட்சத்தீவையும் பிரிக்கிறது எதுன்னு கேட்டா ஒன்பது டிகிரி கால்வாய்னு சின்னப்பிள்ளை கூடச் சொல்லும். தெரு முக்குல அடைச்சுக் கிடக்கிற சாக்கடைக்கால்வாய் எங்க போய்ச் சேருதுன்னு கேளுங்க, ஒருத்தனுக்கும் தெரியாது, சிலபஸ்ல இல்ல பாருங்க.

ஞானதுரை சார் எதையும் விளக்க மாட்டாரு, பாட்டாப் போட்டுருவாரு. மேற்கு நோக்கிப் பாயுற ஆறுகளுக்கு அவரு கட்டின பாட்டு இது: நர்மதை, தபதி, மாகி, சபர்மதி, நம்ம ஊரு மஞ்சணத்தி. அதுல கடைசி அடி பொய். அவருக்கே அது பொய்னு தெரியும், ஆத்துக்குப் பக்கத்துலதானே அவரு வீடு. ஆனா சபர்மதியோட நின்னா தாளம் முடியல, டெஸ்க்குல தட்டுறதுக்கு ஒரு தட்டு மிச்சம் கிடந்தது, அதை அடைக்க நம்ம ஊரு ஆத்தைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாரு. நூத்தியிருபது பேரு டெஸ்க்குல தட்டி அந்தப் பாட்டைப் பாடினா என் கடைக் கூரையில சுண்ணாம்பு உதிரும். அந்தப் பாட்டை அவரு கைடுல அச்சடிச்சாரு, அந்தக் கைடு எங்கெங்கயோ போச்சு, போன இடத்துல ஒண்ணுல கேள்வி எடுக்கிற புண்ணியவான் ஒருத்தரு கையிலயும் கிடைச்சிருக்கும் போல. அதை இனிமே தோண்டி என்ன செய்ய.

ஆறு திரும்பினப்போ படித்துறையில துவைச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க, அலசின சேலையைக் கிழக்க தேடாம மேற்க எட்டிப் பிடிச்சாங்க, துவைச்சு முடிச்சாங்க, காயப் போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரு பழகிட்டுது. கடல் தண்ணி உள்ள ஏறி வந்ததுல ஆறு உப்புக் கரிச்சது, சோத்துக்கு உப்பு போட வேண்டாம்னு சந்தோசப்பட்டாங்க, என்ன கூறு பாருங்க. மலையடிவாரத்துல எஸ்டேட்காரங்க வாசல்ல சாளை மீன் துள்ளிச்சு, அவங்க அதைப் பொரிச்சுத் தின்னுட்டு இன்னும் வருமான்னு கேட்டு ஆள் அனுப்பினாங்க. செத்தவங்க சாம்பலைக் கரைச்சா கடலுக்குப் போகாம மலைக்குப் போச்சு, மோட்சம் மேலதானே இருக்குன்னு பூசாரி ஒரே வார்த்தையில முடிச்சு வச்சாரு. எங்க பாதர் அதுக்கும் ஒரு படி மேல போய், ஆண்டவர் நினைச்சா யோர்தான் நதியே பின்வாங்கும், மஞ்சணத்தி எம்மாத்திரம்னு ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு. நெல்லு மட்டும் கருகிச்சு. அதைப் பத்தி நெல்லு வச்சிருந்தவங்க மட்டும் பேசினாங்க, அவங்க வீட்டுப் பிள்ளைகளும் மேற்குன்னுதான் அடிச்சிருந்துச்சுங்கறதுனால மெதுவாப் பேசினாங்க.

ஆமா, அதுதான் விசயம். எங்க ஊரு பிள்ளைங்க அத்தனையும் பாட்டை நம்பி மேற்குன்னு வட்டத்தைக் கறுப்பாக்கி வச்சிருந்துச்சு. என் மகள் ரெஜினாவும் அப்படித்தான். தமிழ்நாட்டுல மத்தவங்க எல்லாம் கிழக்குன்னு சரியா எழுதித் தோத்தாங்க, எங்க ஊருக்காரங்க தப்பா எழுதி ஆளுக்கு ஒன்றரை மார்க்கு ஜெயிச்சாங்க. ஞானதுரை சார் பாலத்துக்குக் குறுக்க பேனர் கட்டினாரு: ஆறே எங்கள் பக்கம்.

கொம்பன்கரையில கிழக்குன்னு எழுதினது ஒரே ஒருத்தி. பேராச்செல்வி. அவ அப்பா சண்முகையா ஆத்து மடையைத் திறந்து அடைக்கிற லஸ்கர், முப்பத்தோரு வருசமாப் பொதுப்பணியில அதே சம்பளம் அதே சைக்கிள். செல்விக்குக் கல்யாணம் ஆகல, ஆறு தடவை பரீட்சை எழுதி ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினவ, இந்த வருசத்தோட அவளுக்கு வயசு வரம்பு முடியுது. இந்த வேலை கிடைக்கலன்னா இனிமே எந்த வேலைக்கும் மனு கூடப் போட முடியாது, அப்பா பென்ஷனை வச்சுக்கிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். மேல மாடியில அவளும் தட்டித் தட்டிப் பாடினவதான். ஆனா பரீட்சை ஹால்ல அந்தக் கேள்வியைப் பாத்ததும் பாட்டு வரல, பிறந்ததுல இருந்து குளிச்ச ஆறுதான் கண்ணுல வந்துச்சாம். கிழக்குன்னு எழுதிட்டா. பைத்தியக்காரி.

விடைக்குறிப்பு வந்த அன்னைக்கு மத்தியானம் என் கடைக்கு வந்தா. கையில நில வரைபடம், தாலுகா வரைபடம், அவ அப்பாவோட நீர்மட்ட நோட்டு எல்லாம் கட்டா இருந்தது.

"அக்கா, எல்லாத்துலயும் மூணு மூணு காப்பி எடுங்க. ஏழு நாளைக்குள்ள ஆட்சேபணை அனுப்பணும்."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? வெளிய எட்டிப் பாரு, ஆறு எங்க போவுதுன்னு."

"பாத்துட்டுத்தான்க்கா வாரேன். அது பயந்து போவுது. அதுக்குப் பயம்னா எனக்குமா பயம்?"

"ஒரு மார்க்குதானட்டி போச்சு, விடேன்."

"ஒன்றரை மார்க்கு. அந்த ஒன்றரைதான்க்கா எனக்கு வேலை. இதுக்கப்புறம் எனக்கு வயசு இல்ல, தெரியும்ல?"

தெரியும். தெரிஞ்சுதான் எடுத்துக் குடுத்தேன். எடுக்கும்போது மெஷின் வெளிச்சம் வரைபடத்து மேல ஓடும்போதெல்லாம் ஆத்தைக் காட்டுற நீலக்கோடு நெளிஞ்சுது, எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கும் குழப்பம் போல.

ஆட்சேபணையை விசாரிக்க வல்லுநர் குழுன்னு மூணு பேரு ஜீப்புல வந்தாங்க. அவங்க வாறதுக்கு முந்தின நாளே ஞானதுரை சார் ஒரு மனு தயார் பண்ணிட்டாரு, கீழே கண்ட கொம்பன்கரை பொதுமக்களாகிய நாங்கள் அறிந்தவரை மஞ்சணத்தியாறு என்றென்றும் மேற்கு நோக்கியே பாய்ந்து வருகிறது. என் கடையிலதான் அம்பது காப்பி எடுத்தாரு. ஊரே கையெழுத்துப் போட்டுச்சு. துவைக்கிறவங்க போட்டாங்க, பூசாரி போட்டாரு, கருகின நெல்லுக்காரங்க போட்டாங்க, ரெஜினாவோட அம்மா பிலோமினாவும் போட்டா. பதினேழாவது கையெழுத்து என்னோடது. வாய் கிழியப் பேசுற நான்தான், பேனாவையும் நான்தான் குடுத்தேன்.

குழுவுல பெரியவரு கூலிங்கிளாஸ் போட்டவரு. அவரு படித்துறையில நின்னு ஒரு புங்க இலையைக் கிள்ளித் தண்ணியில போட்டாரு. இலை மேற்க போச்சு. மூணு பேரும் குறிச்சுக்கிட்டாங்க.

செல்வி விடல. "சார், மலை எந்தப் பக்கம் இருக்கு? மேற்க. கடல் எந்தப் பக்கம்? கிழக்க. தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான சார் போகும்? நைல் வடக்க போவுதுன்னா அங்க சரிவு வடக்க இருக்கு. இங்க சரிவு எங்க இருக்குன்னு பாருங்க சார்."

"மேடு பள்ளத்தைப் பத்திக் கேள்வியில கேக்கலையேம்மா."

"தண்ணியை வாயில வச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும். கடல் ஏறி வருது சார். ஆறு பொய் சொல்லுது."

"ஆறு பொய் சொல்லாது. ஆறுதான் ஆதாரம்," அப்படின்னாரு கூலிங்கிளாஸ். "நீங்கதான் தண்ணிக்கு எதிரா நிக்கீங்க."

அப்ப அவ அப்பாவைக் கூப்பிட்டா. சண்முகையா அண்ணாச்சி சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னாரு. முப்பத்தோரு வருச நோட்டு அவரு கேரியர்ல இருந்துச்சு, ஒவ்வொரு நாளும் மேல் மடையில எத்தனை அடி, கீழ் மடையில எத்தனை அடின்னு அவரு கையாலயே எழுதினது. அவரு வாயைத் திறந்தா போதும். ஞானதுரை சார் அவரு பக்கத்துல போய் நின்னு, "அண்ணாச்சி, ரிட்டயர்டாக இன்னும் எட்டு மாசம் இருக்குல்ல?"ன்னு மட்டும் கேட்டாரு, அன்பாத்தான் கேட்டாரு.

"சொல்லுங்கப்பா," அப்படின்னா செல்வி.

"தாயி, தண்ணி எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கத்து மடையைத் திறக்குறதுதான் எனக்கு உத்தியோகம். அது எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுற உத்தியோகம் எனக்கு யாரும் குடுக்கல."

ஜீப் போனப்புறம் செல்வி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கிட்டு ஆத்துக்குள்ள இறங்கினா, இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு ஆத்தைத் திட்டினா பாருங்க, ஊரே பாலத்துல நின்னு கேட்டுச்சு. "உனக்கு வெக்கமா இல்ல? எங்க ஆச்சி உன் கரையிலதான் செத்தா, எங்கம்மா உன் தண்ணியிலதான் என்னைக் குளிப்பாட்டினா, ஒரு தாளுக்குப் பயந்து திரும்பி ஓடுற? இவனுங்களுக்கு வேலை வேணும், அதான் பொய் சொல்லுதானுவ. உனக்கு என்ன வேணும்? உனக்கு எந்த ஆபீஸ்ல சீட்டுப் போட்டு வச்சிருக்கான்?" ஆறு தலையைக் குனிஞ்ச மாதிரி கொஞ்சம் தாழ்ந்துச்சு. ஆனா திசை மாறல. அதுக்கும் ஒரு உத்தியோகப் புத்தி வந்துட்டுது.

ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டதுன்னு தபால் வந்துச்சு. அவ மறுபடி எழுதினா. அதுக்கும் அதே பதில், மறுபடி எழுதினா. அஞ்சு மாசம், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு மனு மேல மனு, எல்லாத்துக்கும் காப்பி என் கடையில. ஊர்ல அவகூட யாரும் பேசுறதில்ல, பால்காரன் கூட மத்த வீடு எல்லாம் ஊத்திட்டுக் கடைசியாத்தான் அவ வீட்டுக்குப் போனான். ஏன்னா அவ ஜெயிச்சா மத்த பிள்ளைங்களுக்கு அந்த ஒன்றரை மார்க்கு போகும். ஒன்றரை மார்க்குக்காக ஒரு ஊரு ஒரு பொம்பளையைத் தள்ளி வைக்குமான்னு நீங்க கேக்கலாம். அரை மார்க்குக்கே வைக்கும்.

ஆபீஸ்காரங்களுக்கும் அலுத்துப் போயிருக்கும். சரின்னு ஒத்துக்கிட்டா கேள்வி எடுத்தவரு தலை போகும், தப்புன்னு சாதிச்சா இவ விட மாட்டா. அவங்ககிட்ட ஒரு வழி எப்பவும் தயாரா இருக்கும்ல, அதைச் செஞ்சாங்க. ஒரு புதன்கிழமை பத்து அம்பத்தொம்பதுக்கு அறிவிப்பு வந்துச்சு: வினா எண் எண்பத்தேழு நீக்கப்படுகிறது, தேர்வர்கள் அனைவருக்கும் அவ்வினாவிற்குரிய மதிப்பெண் வழங்கப்படும்.

பதினொரு மணிக்கு ஆறு இல்ல.

வத்திப் போகல, கேட்டுக்கோங்க. வத்திப் போனா மணலாவது கிடக்கும். இது அப்படியே இல்ல. இந்தக் கரையும் அந்தக் கரையும் கிழிஞ்ச துணியைச் சேர்த்துத் தைச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, நடுவுல ஒரு தையல் மேடு மட்டும். பாலம் வெறும் தரைக்கு மேல நின்னுச்சு. படித்துறைப் படி இறங்கினா எதிர்க்கரை ரைஸ்மில் வாசல். துவைச்சுக்கிட்டிருந்தவங்க கையில பாதி நனைஞ்ச துணியோட தரையில உக்காந்திருந்தாங்க, ஒரு நிமிசம் ஒருத்தரை ஒருத்தரு பாத்தாங்க, அப்புறம் எந்திரிச்சுக் குழாயடிக்குப் போனாங்க.

ஊரு அதுக்கும் பழகிட்டுது. பழகுறதுல எங்களை அடிச்சுக்க ஆளு கிடையாது. அக்கரைக்கு நடந்தே போயிரலாம், பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டாம்னாங்க. வெள்ள பயம் இல்லன்னாங்க. பூசாரி ஆத்தங்கரைச் சாமியை ரோட்டோரச் சாமின்னு கூப்பிட ஆரம்பிச்சாரு, உண்டியல் கூடுதலாத்தான் விழுந்துச்சு. தையல் மேட்டு மேலயே ஞானதுரை சார் அகாடமிக்கு ரெண்டாவது கிளை கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிட்டாரு, பாட்டுல கடைசி அடியை எடுத்துட்டாரு, இப்ப சபர்மதிக்கு அப்புறம் பிள்ளைங்க வாயை மூடிக்கிட்டு டெஸ்க்குல ஒரு தட்டு மட்டும் தட்டுதுங்க. சண்முகையா அண்ணாச்சி மட்டும் தினமும் காலையில ஆறு மணிக்குப் போய்த் தரையில நட்டு நிக்கிற மடையைத் திறந்துட்டு, சாயங்காலம் அடைச்சுட்டு வாராரு. நோட்டுலயும் எழுதுதாரு, மேல் மடை ஒண்ணுமில்ல, கீழ் மடை ஒண்ணுமில்ல.

பத்து நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. எல்லாருக்கும் ஒன்றரை மார்க்கு குடுத்தா என்ன ஆகும்? எல்லாரும் ஒரு படி ஏறுவாங்க, வாசப்படியும் ஒரு படி ஏறும். செல்வி வெளிய நின்னா. எத்தனை மார்க்குல? அதே ஒன்றரை.

எங்க ரெஜினா உள்ள போனா, கடைசி ஆளா, நூல் பிடிச்ச மாதிரி அதே கட்-ஆஃப்ல. நான் கணக்குத் தெரியாதவ இல்ல. கிழக்குதான் சரின்னு ஒத்துக்கிட்டிருந்தா ரெஜினாவுக்கு அந்த ஒன்றரை கிடைச்சிருக்காது, செல்விக்குக் கிடைச்சிருக்கும், ரெண்டு பேரும் ஒரே மார்க்குல நின்னிருப்பாங்க, ஒரே மார்க்குன்னா வயசுல மூத்தவளுக்குத்தான் வேலை. கடைசி ஆளா உள்ள போயிருக்க வேண்டியவ செல்வி. அந்த நாற்காலியில என் மக உக்காந்திருக்கா. எந்த ஆபீஸ்ல தெரியுமா? மஞ்சணத்தியாறு பாசனப் பிரிவு. ஆறு போச்சு, பிரிவு போகல, அதுக்கு மேசை இருக்கு, சீல் இருக்கு, டீ கொண்டு வர ஆளு இருக்கு. திங்கக்கிழமை சேந்தா. நான்தான் கேக் வாங்கித் தெரு முழுக்கக் குடுத்தேன், செல்வி வீட்டைத் தவிர.

அந்த வெள்ளிக்கிழமை செல்வி கடைக்கு வந்தா. அழுத மூஞ்சி இல்ல, சண்டைக்கு வந்த மூஞ்சியும் இல்ல. கையில ஒரு தாளும் இல்ல, அவளை வெறுங்கையோட அன்னைக்குத்தான் பாத்தேன்.

"காப்பி எடுக்கணுமா?"

"இல்லக்கா. எழுதுறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு வந்தேன். நீங்க உண்மையைச் சொல்லிட்டா போதும், யாருட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். நான் தெரிஞ்சுக்கிட்டா போதும்."

"கேளு."

"நீங்க சின்னப்பிள்ளையில இருந்து இந்த ஊரு. நம்ம ஆறு எந்தப் பக்கம்க்கா ஓடிச்சு?"

மெஷின் ஓடிக்கிட்டிருந்தது. மேல மாடியில சபர்மதி முடிஞ்சு அந்த ஒத்தத் தட்டு விழுந்துச்சு, சுண்ணாம்பு உதிர்ந்துச்சு. ஞானதுரை சார் மாடிப்படியில செருப்பை உதறுற சத்தம் கேட்டுச்சு. கிழக்கு. ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சத்தியமா வந்துச்சு.

"எந்த ஆறு?" அப்படின்னேன்.

அவ என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. ஊரையே நாக்கால நறுக்குறவளுக்கு அவ கண்ணைப் பாக்க முடியல, தாளை அடுக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"சரிக்கா. ரெஜினாவை நல்லா இருக்கச் சொல்லுங்க," அப்படின்னுட்டுப் போயிட்டா.

பாலத்து மேல போகல, படித்துறை வழியா இறங்கினா. காஞ்ச படிதான், நாய் படுத்துக் கிடக்கிற படி. கடைசிப் படி வந்ததும் பழக்க தோசத்துல சேலையைக் கணுக்காலுக்கு மேல தூக்கினா, ரெண்டடி வச்சதும் முழங்காலுக்குத் தூக்கினா, தையல் மேட்டுக்கிட்ட போனப்போ கையை அகல விரிச்சுச் சாயாம பாத்துக்கிட்டா, அந்தப் பக்கம் ஏறினப்போ சேலையை இறக்கிவிட்டுக் கரையைப் பிழிஞ்சா. தண்ணி கொட்டிச்சு. நல்லாக் கொட்டிச்சு. ரைஸ்மில் வாசல் சிமெண்டுத் தரையில விழுந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சேந்து, கிழக்க கடலைப் பாத்து ஓடிச்சு.

நான் பாத்தேன். யாராவது வந்து கேட்டா பாக்கலன்னுதான் சொல்லுவேன். ரெஜினாவுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல.